ஊழியர் சேமலாப நிதி, நாரஹேன்பிட்டி

எண்பத்தேழாம் இலக்கத் துண்டைக் கையில் மடித்தபடி
மூன்றாம் மாடிப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.
ஐம்பத்தைந்து முடிந்தால் காசைத் திருப்பித் தருவார்களாம்.
கூப்பிட்டதும் போனேன். கோப்பை விரித்த மிஸ்
வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்:
பிஸ்கட் கம்பனி, ஒன்பது மாதம்.
காப்புறுதி, ஒரு வருடமும் நாலு மாதமும்.
துறைமுகச் சரக்கு முகவர், ஐந்தே மாதம்.
டயர். பெயின்ட். மறுபடியும் வேறொரு காப்புறுதி.
பதினொன்றாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒன்றிலும் நிலைக்கவில்லையே, மிஸ்டர் பிலேந்திரன்.
என்ன வேலைதான் பார்த்தீங்க?"

களஞ்சிய உதவியாளர் என்கிறது ஒரு கடிதம்.
விற்பனைப் பிரதிநிதி என்கிறது இன்னொன்று.
டயர்க்காரர் தந்த பட்டம் தற்காலிக மேற்பார்வையாளர்.
நான் மேற்பார்வை பார்த்தது
ஓஃப் ஸ்டம்பை மட்டும்தான்.

இடது கைச் சுழல்.
கம்பனிகளுக்கிடையில் கிண்ணம் நடக்கும்.
டிசம்பரில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள்,
தோற்றால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே
நன்னடத்தை உடையவர் என்று எழுதிக் கொடுப்பார்கள்.
மட்டக்குளியில் நூற்றைம்பத்தைந்து ஏறினால்
என் பைக்கும் சேர்த்து டிக்கட் கிழிப்பான் கொண்டக்டர்.
பந்தின் தையல் சுட்டுவிரலைப் பிளந்துவிடும் நாட்களில்
கொட்டாஞ்சேனையில் செருப்புத் தைக்கும் சந்தனம்
தோல் பசையால் ஒட்டிவிடுவார்.
இதற்கெல்லாம் காசா, போ, என்பார்.

சட்டை எப்போதும் வேறொருவன் விட்டுப்போனது.
அவன் பெயர்மேல் வெள்ளைப் பிளாஸ்டர்,
பிளாஸ்டர்மேல் பேனையால் நான்.
பத்தாவது ஓவர் அளவில் வியர்வையில் அது உரியும்.
பாதிப் பருவம் முழுக்க
கொடிகார என்றுதான் கை தட்டினார்கள்.

ஏழு விக்கெட் எடுத்தது ஒரே ஒரு நாள்.
முப்பத்தெட்டு ஓட்டம், அதற்குப் பிறகு மழை,
ஆட்டம் முடிவில்லை.
மறுநாள் பேப்பரின் கடைசிப் பக்கத்தில்
மரண அறிவித்தலை விடச் சின்ன எழுத்தில்
'பி. இலேந்திரன்' என்றிருந்தது.
யாரோ தெரியாது.
நன்றாகத்தான் போட்டிருக்கிறான்.

மிஸ் காத்திருக்கிறார்.
இது எந்தக் கோப்பிலும் இல்லை:
தொண்ணூற்றேழு பெப்ரவரி, இரவு ஒன்பது மணி,
தும்முல்லைக்கு அப்பால் சோதனைச்சாவடி.
அடையாள அட்டையில் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டு
பையைக் கொட்டு என்றார்கள்.
ஈரக் காற்சட்டை, பசைப் போத்தல், பாதிப் பாண்.
சிவப்பாய் ஒன்று உருண்டதும்
இரண்டு துவக்குகள் நிமிர்ந்தன.
பந்து, என்றேன். மூன்று மொழியிலும் சொன்னேன்.
அவர்களில் சின்னவன், மீசை சரியாய் முளைக்காதவன்,
எடுத்து முகர்ந்து பார்த்தான்.
துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு
திரும்புகிற மாதிரி வந்து திரும்பாமல் போகுமே,
அதற்கு எப்படிப் பிடிப்பது, என்று
சிங்களத்தில் கேட்டான்.
அவன் விரல்களை ஒவ்வொன்றாய் நகர்த்தி வைத்தேன்.
வீதி விளக்கின் கீழே நாலடி ஓடிவந்து போட்டான்.
மண்மூட்டையில் பட்டுத் தார்ப் பீப்பாய்க்கு அடியில் போனது.
இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.
பிறகு அவன் நிமிர்ந்து, முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு
அட்டையை நீட்டினான். "போ."
பந்து கிடைக்கவில்லை.
அதன் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள்.

"மிஸ்டர்?"
"ஆறு பந்து போட்டால் ஓவர் முடிந்துவிடும், மிஸ்.
வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு
எல்லைக்கோட்டுக்குப் போய் நிற்கவேண்டும்.
அதுதான் வேலை."
விளங்கியதோ என்னவோ.
பெயின்ட் கம்பனி உங்கள் பெயரில்
ஒரு சதமும் கட்டவில்லை என்றார்.
புள்ளிக் கோட்டைக் காட்டினார்.

மேசையோடு நூலில் கட்டிய பேனை.
இடது கையில் எடுத்தேன்.
சுட்டுவிரல் தன்பாட்டில் அதைத் திருகியது.
நூல் முறுக்கேறிக் குட்டையாகி
தாள்வரைக்கும் எட்டவில்லை.
எண்பத்தெட்டு, என்று கூப்பிட்டார்கள்.
நான் மெதுவாய் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.