மோதிர விரலின் பாதி

மரமே அதிகம் நிற்காத ஊர் போர்வெனிர்.
காற்று விடாது.
இங்கே விரல்கள்தான் மரத்துப்போகின்றன.

எதுவினா பர்ரியா, ஐம்பத்தொன்று.
ராஜநண்டின் காலை உடைத்துச் சதை உருவுகிறவள்,
நிமிடத்துக்கு எட்டுக் கால், பதினேழு பருவங்களாக.
வலது கையை என் மேசைமேல் வைத்தாள்
யாரோ கொடுத்தனுப்பிய பொட்டலம்போல.

சர்க்கரை உண்டா?
காபியில் மட்டும்.
கழுத்து வலி? குனிந்தால் மின்னல் மாதிரி இறங்குமா?
குனிந்தேதான் இருக்கிறேன் டாக்டர்,
நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.
தைராய்டு? குடி? இறைச்சி சேர்க்காத வழக்கம்?
கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டாள்.
இந்தத் தீவில் மனிதரைவிட ஆடு அதிகம்.
குளிரில் விரல் வெளுத்து, பிறகு நீலமாகி...
யாருக்குத்தான் ஆகாது?

எப்போது தெரிந்தது?
தட்டில் சதை சிவந்தபோது.
கத்தி யாரை வெட்டியதென்று
வரிசை முழுக்க முகங்களைப் பார்த்தாளாம்.
மேற்பார்வையாளன் முந்நூறு கிராமைக் கொட்டிவிட்டுச்
சம்பளத்தில் கழித்துக்கொண்டான்.
இப்போது இரவு மூன்று மணிக்கு எழுந்து கை உதறுகிறாள்.
கனவில் யாரை விரட்டுகிறாய் என்கிறான் ஒர்லாந்தோ,
போர்வைக்குள்ளிருந்து.

இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து
விரல்களைக் கீழே தொங்கவிடச் சொன்னேன்,
வணக்கத்தைத் தலைகீழாகப் பிடித்ததுபோல்.
இருபது நொடி தாங்கவில்லை.

கண்ணை மூடச் சொல்லி ஊசிமுனையால் தொட்டேன்.
கட்டை விரல்: ஒன்றுமில்லை.
சுட்டு விரல்: ஒன்றுமில்லை.
நடு விரல்: பஞ்சா அது?
சுண்டு விரல் மட்டும் வெடுக்கென்று விலகியது.
மோதிர விரலில் ஒரு பக்கம் இல்லை,
மறுபக்கம் ஆமாம்.

இந்தத் தீவுக்கு நடுவிலும்
அளவுகோல் வைத்து இழுத்த கோடு ஒன்று போகிறது.
அப்பால் வேறு நாடு.
நரிகளுக்கு அது தெரியாது.
நரம்புக்குத் தெரியும், மயிரிழை பிசகாமல்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழி,
ஒன்பது தசைநாண், ஒரு நரம்பு.
வீங்கினால் நெரிபடுவது எதுவென்று
வரைந்து காட்டினேன்.
எங்கள் பேருந்து, என்றாள்.

படிவத்தில் காரணத்துக்கு இரண்டு கட்டம்.
தொழிலால் வந்தது: காப்பீடு.
பொதுவானது: காத்திருப்போர் பட்டியல்.
ஆலை அனுப்பிய மருத்துவர் போன மாதமே எழுதிவிட்டார்,
மாதவிடாய் நின்ற வயதில் இது சகஜமென்று.
அதுவும் பொய்யில்லை. அதுதான் சங்கடம்.
சுண்டு விரலுக்கும் அதே வயதுதானே என்று
எழுத இடமில்லை அங்கே.
முதல் கட்டத்தில் காகிதம் கிழியக் குறியிட்டேன்.

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.
எடுத்தாள், விழுந்தது.
எடுத்தாள்.
பிறகு இடக்கைக்கு மாற்றி
மெதுவாகப் பெயரை எழுதினாள், கோணலாக.
இதுவும்தான் டாக்டர், என்றாள்,
நீங்கள் கேட்கவில்லை.