மாத்திரைக்கும் குறைவாக

நெமுனாஸ் ஆற்றில் பனிப்பாளங்கள்
உடைந்து மிதந்த வாரம்.
காலை ஆறே முக்கால்.
டிராலிபஸ்ஸின் கொம்பு கம்பியை உரச
நீலப்பொறி ஒன்று தெறித்தது.
ஷிவிலே பார்க்கவில்லை.
பக்கத்து இருக்கையில் தலைக்குட்டையோடு ஒரு பெண்.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தினமும் இறங்குகிறவள்.

நிலவறையில் எலிகள்.
பதினான்காம் எண்ணுக்கு இடது காதில் இரண்டு வெட்டு.
டிசம்பரில் அதன் இடது விலாவில்
பட்டாணி அளவு கட்டி.
இரண்டு ஊசிகளுக்கு நடுவே அதைப் பிடித்து
விசையை அழுத்தினாள் ஷிவிலே.
இருநூறு துடிப்புகள்.
ஒவ்வொன்றும்,
எப்படிச் சொல்ல,
கண் இமைக்கும் பொழுதை மாத்திரை என்பது நம் இலக்கணம்.
மருந்துக்கடையிலும் அதே சொல்தான்,
சாப்பாட்டுக்குப் பின், வெந்நீரோடு.
இது விழுங்க முடியாத மாத்திரை.
ஓர் இமைப்பைப் பத்து லட்சமாய் நறுக்கி
அதில் ஒரு துணுக்கு.

சூடில்லை, கருகல் இல்லை.
சவ்வில் துளை விழுந்தது, அவ்வளவே.
இத்தனை நாள் வீட்டாளைப்போல் நடமாடிக்
காவலை ஏய்த்த செல்
சாகும்போது
உள்ளே ஒளித்ததையெல்லாம் வாசலில் கொட்டிவிட்டுச் செத்தது.
காவல் வந்தது. முகர்ந்தது.
முகத்தைக் குறித்துக்கொண்டது.

அறுபது நாள் கழித்து வலது விலாவில்
அதே செல்கள், ஐந்து லட்சம்,
அவளே ஏற்றினாள்.
இம்முறை மின்சாரம் கிடையாது.

பத்தாம் நாள்.
பதினேழாம் நாள்.
இன்று.
அளவுகோலின் இரண்டு தாடைகளும்
ஒன்றையொன்று தொட்டன.
மயிரை விலக்கி மறுபடி அளந்தாள்.
பூஜ்யம் என்று எழுதினாள்,
பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாக.

எட்டில் மூன்றுக்குத்தான் இப்படி.
மற்ற ஐந்தின் கட்டிகளையும்
அதே பேனாவால் எழுதினாள்.
பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் சொல்ல
இது போதாது.
இன்னும் எத்தனை எட்டு வேண்டுமோ.

பதினொரு மணிக்கு
ஸ்கிர்மாந்தாஸின் சீட்டு வந்தது:
பதினான்கின் மண்ணீரல் வேண்டும்.
நினைவு அங்கேதான் இருக்கும்,
வெட்டித்தான் பார்க்க முடியும்.

கூண்டைத் திறந்தாள்.
எலி வந்தது. கையுறையை முகர்ந்தது.
சட்டைப்பையிலிருந்து
சூரியகாந்தி விதை ஒன்றைப் போட்டாள்.
விதிமுறையில் அது இல்லை.
முன்னங்கால்களில் ஏந்தி,
தோலை உரித்து,
அவசரமே இல்லாமல் அது தின்றது.

முடிக்கும்வரை நின்றாள்.