ஆட்டு வேகம்

பெரியாஸ்பத்திரி மூன்றாம் மாடி,
லிப்ட் ஓடாத செவ்வாய்க்கிழமை.
ஏறி வந்ததே இன்னைக்குப் பயிற்சி என்றார் குபேந்திரன்.
சிரிக்க யாருக்கும் மூச்சில்லை.

பிசியோ பெனிட்டா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள்.
பத்துப் படங்கள்.
பத்திலும் ஒரே ஆள்:
வெள்ளை ஷூ, தலை நிறைய முடி.
"இது நாங்க எழுதினது. சரியில்லாதத நீங்க அடிங்க"
என்று சிவப்புப் பேனாவை மேஜை நடுவில் உருட்டிவிட்டாள்.
பேனா கொஞ்ச நேரம் யாரிடமும் போகவில்லை.
ஆஸ்பத்திரித் தாளில் இதுவரை எங்களிடம்
கையெழுத்து மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் எடுத்தவர் நெல்பேட்டை சிக்கந்தர் பாய்.
தாடையில் பாதி இல்லை, பேச்சு இல்லை.
'மூன்று விரல் நுழையும் அளவு வாயைத் திறக்கவும்'
என்ற வரிக்குக் கீழே எழுதினார்:
யார் விரல்?
நாற்பது வருஷம் கறி வெட்டிய கையை
பெனிட்டாவின் கை பக்கத்தில் வைத்துக் காட்டினார்.
அவருடைய ஒன்றுக்கு அவளுடைய இரண்டு.
அவள் ஸ்கேல் தேடி ஓடினாள்.

'பூங்காவில் அரை மணி நேரம்' என்பதைக் குபேந்திரன்
ஒரே இழுப்பில் அடித்தார்.
வயிற்றில் பை. சாயப்பட்டறைக்காரர்,
கறை என்றால் என்னவென்று தெரிந்தவர்.
"நடக்க நான் ரெடிம்மா.
தெப்பக்குளத்த மூணு சுத்து சுத்துறேன்.
எந்தக் கக்கூஸுக்கு உள்தாப்பா இருக்கு,
மொதல்ல அதச் சொல்லு."
அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.
தாளின் பின்பக்கம் குளத்தை வரைந்து
நான்கு இடத்தில் புள்ளி வைத்தார்.
ஒன்றின் பக்கத்தில்: வாளி உண்டு, கொக்கி இல்லை.

எனக்கு வில்லாபுரத்தில் தேய்ப்பு வண்டி.
வலது மார்பை எடுத்த பிறகு வலது கை
மழைக்காலத்துக் கதவு மாதிரி பாதியில் நின்றுவிடும்.
'ஒரு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்.'
என் பெட்டி ஏழு கிலோ. கரி தனி.
"அப்ப தொழில விட்டுரவா?"
குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.
"எப்படித் தேய்ப்பீங்க, காட்டுங்கக்கா."
அவள் துப்பட்டாவை மேஜையில் விரித்து
இல்லாத பெட்டியைத் தள்ளினேன்.
தள்ளும்போதுதான் எனக்கே தெரிந்தது,
பெட்டியை நான் தூக்குவதேயில்லை.
துணிக்கு ஒருதரம், செங்கல்லில் வைக்க மட்டும்.
மற்றதெல்லாம் தள்ளல், இழுத்தல்.
"செங்கல்ல எடுத்துட்டு
வண்டி மட்டத்துக்கே ஒரு தகரம் வச்சா?" என்றாள்.
"மொத வாரம் கரியில்லாம" என்றேன்.
அவளும் நானும் ஒரே நேரத்தில் பேனாவுக்குக் கை நீட்டினோம்.

உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மாள்
அதுவரை தாளை விசிறியாக்கி வைத்திருந்தாள்.
"எனக்கு மூணு ஆடு. அதுக பின்னால போவேன்.
கொழை கடிக்க அதுக நின்னா நானும் நிப்பேன்.
அதுக்குள்ள மூச்சு வந்துரும்."
களைப்புக்கு ஒன்றிலிருந்து பத்து வரை
தாளில் ஒரு கணக்கு இருந்தது.
பெனிட்டாவே அதை அடித்துவிட்டு எழுதினாள்:
ஆட்டு வேகம்.

ஊசி போட்ட மூன்றாம் நாளுக்குத்தான் சண்டை.
கொஞ்சமாவது அசையணும் என்றாள் பெனிட்டா.
"ஒருநா நீ அந்த ஊசியப் போட்டுப் பாரு" என்றார் குபேந்திரன்.
அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
கடைசியில் இப்படி முடிந்தது:
'மூன்றாம் நாள், கட்டிலிலிருந்து ஜன்னல் வரை.
ஜன்னலில் பார்க்க ஏதாவது இருந்தால்.'
இரண்டாவது வரி சிக்கந்தர் பாய் சேர்த்தது.

ஆவணியில் அச்சாகி வந்தது.
அதே ஆள், அதே ஷூ.
முடியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.
நேற்று அலங்காநல்லூரிலிருந்து புதிதாக ஒரு பெண்.
படித்துவிட்டுக் கேட்டாள்:
"ஆட்டு வேகம்னா என்னக்கா?"

ஒச்சம்மாள் இரண்டு தவணையாக வரவில்லை.
போனை மகன் எடுக்கிறான்.
"ஆடு பத்திட்டுப் போயிருக்கு" என்கிறான்,
ராத்திரி எட்டு மணிக்கும்.

எழுந்து வராந்தாவில் நடந்தேன்.
குழாய்ப் பக்கம் நின்றேன்.
இல்லாத குழையை அது கடித்து முடிக்கட்டும் என்று
இன்னும் கொஞ்சம் நின்றேன்.
பிறகு நடந்தேன்.
அந்தப் பெண் பின்னால் வந்தாள்.