வெள்ளைத் துணி

விசாவுக்குப் படம்.
பின்னால் வெள்ளை. கண் திறந்திருக்கணும்,
சிரிக்கக் கூடாது, கூட யாரும் இருக்கக் கூடாது.
ஒன்றேகால் வயதிடம் இதை யார் சொல்வது?

அயனாவரம் ஸ்டுடியோவில்
என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத்
தலையோடு வேட்டியால் மூடினார்கள்.
மடியில் பெனிட்டா.
"கை தெரியுது மேடம்."
உள்ளே இழுத்துக்கொண்டேன்.
வெளியே சாவிக்கொத்து குலுங்கியது.
போட்டோக்காரர் பூனையானார், பிறகு நாய்.
பதினேழாவது தடவை
என் இமைக்குள்ளும் சிவப்பாக வெடித்தது வெளிச்சம்.

எட்டுப் படம், நூற்றிருபது ரூபாய்.

அவர் சோஹார் போனபோது
குப்புற விழக்கூடத் தெரியாதவள்.
"தனியா, ஆடாம அசையாம உக்கார்றாளே!"
ஆமாம் என்றேன்.

அவள் இடுப்பருகே
வெள்ளையில் நாலு மடிப்பு.
உற்றுப் பார்த்தால் விரல்.
விசா வந்துவிட்டது.
யாரும் உற்றுப் பார்க்கவில்லை.