கடனாய்க் கொஞ்சம் அழுக்கு

வழக்கறிஞர் தட்டச்சு செய்த தாளில்
மீன்கள் வீட்டுச் சாமான்.
துணி உலர்த்தும் எந்திரத்துக்குக் கீழே,
மடக்குக் கட்டிலுக்கு மேலே.
பதினொன்றில் ஆறு எனக்கு.
குளம் கெத்தினுக்கு,
அது வீட்டோடு ஒட்டியது என்பதால்.

ரெக்ஸமில் நான் வாங்கிய சின்ன வீட்டின் பின்புறம்
ஒன்றரை அடியில் மண்வெட்டி ‘ணங்’ என்றது.
தெரு முழுவதற்குமான சாக்கடைக் குழாய்.
கீழே போக வழியில்லை.
சரி, மேலே போகலாம் என்றேன் சத்தமாக.
கேட்க ஆளில்லாத வீட்டில்
சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து இருநூற்று அறுபது செங்கல்.
ருவாபன் சிவப்பு, இடித்த பள்ளி ஒன்றிலிருந்து.
சிலவற்றின் முதுகில் பச்சைச் சாயம் இன்னும் உரியவில்லை.
ஒன்றில் ஆணியால் கீறிய பெயர், பாதி மட்டும்.
மீதிப் பெயர் எந்தக் கல்லில் என்று
ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினேன்.
கட்டவில்லை அன்றைக்கு.

பகலில் நான் பிறர் பற்களின் காறையைச் சுரண்டுகிறவள்.
கலவையின் பதம் மட்டும் எனக்குத் தெரியும்:
அச்செடுக்கும் பசைபோல,
கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது,
உதறினால் விழவேண்டும்.
மற்றது எதுவும் தெரியாது.
நான்காம் வரியில் ஒரு கல் வெளியே துருத்தி நின்றது.
ரசமட்டத்தின் குமிழி
குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதுபோல
இடப்பக்கம் ஓடியது.
தட்டினேன். அசையவில்லை.
இப்போது என் தேநீர்க் கோப்பை உட்காருவது அதன்மேல்தான்.

எட்டாம் வரியில்
பக்கத்து வீட்டு யாத்விகா வேலிக்கு மேல் தலை நீட்டி
‘யாரைப் புதைக்கப் போகிறாய்?’ என்றாள்.
பதினான்காம் வரியில்
முழங்கை ஊன்றி நிற்கும் உயரம் வந்தது.
நாரையால் காலை நனைக்க முடியாத உயரமும் அதுவே.
அக்டோபர் இரவுகளில் ஈரச் சுவருக்கு
சாக்கு போர்த்திவிட்டுப் படுத்தேன்.

கறுப்பு ரப்பரை விரித்து நிரப்பினேன்.
மறுநாள் நீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.
மோட்டாரை நிறுத்தி, காற்று ஓயக் காத்திருந்து
ஒரு சொட்டுப் பால் விட்டேன்.
அது கலையவில்லை.
வெள்ளை நூலாக நீண்டு, வளைந்து,
போகவேண்டிய இடம் தெரிந்ததுபோல் போய்
குழாய் மூட்டின் கீழ் மறைந்தது.
அடைத்தேன். மீண்டும் நான்கு டன்.

தெளிவென்றால் அப்படியொரு தெளிவு.
அதுதான் சிக்கல்.
புது நீரில் மீனின் கழிவைத் தின்ன எதுவுமில்லை.
அந்தக் கண்காணா உயிர்கள் குடியேற
ஆறு வாரம் ஆகும்.
கார் கொட்டகைத் தொட்டியில் என் ஆறும்
வாயைத் திறந்து மேலே மேலே வரத் தொடங்கியிருந்தன.

எல்லாவற்றையும் துடைத்துப் பிரித்துக் கையெழுத்திட்டு
ஏழு மாதம் கழிந்தபின்
கெத்தினைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்:
உன் வடிகட்டியிலிருந்து
ஒரு பஞ்சு வேண்டும். கழுவாதே.
‘கழுவாததா?’ என்றான்.
என் தொழில் அவனுக்குத் தெரியும்.
சிரிக்காமலிருக்கப் பாடுபட்டது கேட்டது.

அரை மணியில் வந்தான்,
நீல வாளியில் பழைய நீரும்
பழுப்புச் சளியாய் ஒரு பஞ்சும்.
ஒன்பது வருடம் நாங்கள் பார்த்த தண்ணீரின் நாற்றம்.
மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை.
துருத்திய கல்லை விரலால் தொட்டான்.
ஏதும் சொல்லவில்லை, அதற்கு நன்றி.
உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை.

சோதனைக் குழாயில் நிறம் மெல்ல வெளிறி வருகிறது.
ஆறும் அடியில் ஒரு மூலையில்,
குளிருக்கு உடலைத் தாழ்த்தி,
செவுள் மட்டும் அசைய.
அவற்றுக்குத் தெரிந்த சுவை
இந்த நீரில் எங்கோ இருக்கிறது போலும்.

வாளியை அவன் இன்னும் கேட்கவில்லை.
நேற்றிரவு அதில்
தட்டையான ஒரு நிலாபோல் பனி உறைந்திருந்தது.
எடுத்து வேலியோரம் வைத்தேன்.
யாத்விகா கேட்டாள், நாளை மீனுக்கு என்ன தீனி என்று.
இந்தக் குளிரில் ஒன்றும் கூடாது, என்றேன்.
வசந்தம் வரை ஒன்றும் கூடாது.