டம்பார்ட்டன் பாறை

சீட்டு கொடுத்த பெண் சொன்னாள்:
"மேலே காற்று அதிகம்.
குடையை இங்கேயே வைத்துவிடுங்கள்."
வைத்தேன்.

இருநூறு படிவரை எண்ணினேன்.
பிறகு மூச்சு
எண்ணிக்கையைத் தின்றுவிட்டது.
இறங்கி வந்த நாய் ஒன்று
நிதானமாக என்னைக் கடந்தது.

நான்கு மாத முற்றுகையைத் தாங்கிய கோட்டையாம்.
வாளிடம் அல்ல,
வற்றிய கிணற்றிடம் தோற்றதாம்.
பலகையை வாசித்தபடி
பாட்டிலைக் கவிழ்த்தேன்.
ஒரு சொட்டு.

உச்சியில் நின்றால்
க்ளைட் ஆறு ஈயத்தகடாய்க் கிடக்கிறது.
பாறையின் காலடியில்
உள்ளங்கையளவு கால்பந்து மைதானம்.
மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் உதைத்தான்.
வலை அசைந்தது.
கைகள் உயர்ந்தன, ஓசையே இல்லாமல்.

அப்புறம்தான்
ஏறி வந்து சேர்ந்தது
ஆரவாரம்,
என்னைப் போலவே
மூச்சிரைக்க.