நான்காம் ரீலில் சாகிறவன்

ஒன்பது படங்களில் அவனைக் கொன்றிருக்கிறேன்.
துப்பாக்கி வேறு யார் யார் கையிலோ,
கத்தரி என் கையில்.
எந்த ஃபிரேமில் கண் சொருக வேண்டும்,
தொப்பி எவ்வளவு தூரம் உருள வேண்டும்
எல்லாம் கல்வர் சிட்டியில்
ஜன்னல் இல்லாத ஓர் அறையில்
நான் முடிவுசெய்தது.

இரண்டாம் ரீலில் பாட்டு, நான்காம் ரீலில் சாவு.
ஸ்டுடியோ கணித்த ஜாதகம் அப்படி.
கதாநாயகனுக்குக் காதல் வந்தால்
நெருப்பருகே கிதாரோடு உட்கார்ந்து
இவன் பாடுவான்.
பிறகு ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குண்டு.
முத்தம் வரும் ஆறாம் ரீல்வரை
அவன் மிஞ்சியதே இல்லை.

சுவரொட்டியில் டேல் பாட்டர்.
சம்பளப் பட்டியலில் யுவோசாஸ் பட்ராஷ்காஸ்.
பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்.
லிதுவேனிய அப்பா, ஒன்பது விரல்கள்.
பெயரை நறுக்கியது யார் என்று கேட்டேன்.
"ரேடியோக்காரர்கள். இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே
அவ்வளவுதான் இடமிருந்ததாம்."
மகன்தான் பாடுகிறான் என்று தெரியாமல்
சோப்பு விற்கிறான் எவனோ என்று
பெட்டியை அணைத்துவிடுவாராம் அப்பா.

அவன் குரலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
எனக்குக் காது போதாது.
ஃபிலிமின் ஓரத்தில் ஓடும் ஒலிப்பட்டையில்
குரல்களைக் கண்ணால் பார்த்தே பழக்கம்.
மற்றவர்களுடையது பல் உடைந்த சீப்பு.
இவனுடையது தாழ்ந்து தாழ்ந்து இறங்கும் குன்றுகள்.
மூச்சு வாங்கும் இடத்தில் சின்னதாய் ஒரு சமவெளி.
அங்கேதான் நான் வெட்டுவேன்.

ஐம்பத்திரண்டில் ஒரு இசைத்தட்டு ஓடியது, பதினோரு வாரம்.
பிள்ளைக்கு உங்கள் பெயர் வைத்திருக்கிறேன் என்று
ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம்.
அதை மடித்துத்
தொப்பியின் உள்பட்டையில் செருகி வைத்திருந்தான்.
தொப்பி ஸ்டுடியோவுக்குச் சொந்தம்.
ஒப்பந்தம் முடிந்த அன்று கேட்டார்கள், கொடுத்தான்.
கடிதம் ஞாபகம் வந்தபோது
பர்பேங்க் தாண்டிவிட்டானாம்.

அப்புறம் டெலிவிஷன்.
குதிரைகளெல்லாம் பூனை அளவுக்குச் சுருங்கி
வீட்டுக் கூடங்களில் ஓடத் தொடங்கின.
பேக்கர்ஸ்ஃபீல்டில் புதிதாய்த் திறந்த கடையில்
குளிர்பெட்டிகளின் உறுமலுக்குச் சுருதி சேர்த்து
பட்டாணி டப்பா கோபுரத்தின் அருகே பாடினான்.
நான் போகவில்லை. என் தங்கை போனாள்.
"நல்லாத்தான் பாடினார், வில்மா,
பட்டாணி பாதி விலை" என்றாள்.

அறுபத்தொன்றில் தொண்டையில் அறுவை.
ஒரு மாதம் பேசக் கூடாது.
கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு
என் அறை வாசலில் வந்து நின்றான்.
காகிதம் தேடினேன். அதற்குள்
மூலையில் கிடந்த கிளாப் பலகையை எடுத்து
காட்சி எண்ணுக்குக் கீழே சாக்குக்கட்டியால் எழுதினான்:
ஒரு தடவையாவது என்னைப் பிழைக்க விடக் கூடாதா?

விளையாட்டுத்தான்.
ஆனால் அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
'கட்' சொன்ன பிறகும்
கேமரா சோம்பலாய் ஓரிரு நொடி ஓடும். ஒலி ஓடாது.
குப்பைத் தொட்டிக்குப் போகும் அந்த வால்களை
வழக்கமில்லாமல் சேர்த்து வைத்திருந்தேன்.
ஏன் என்று என்னை நானே கேட்டதில்லை.
ஒட்டினால் ஒன்றரை நிமிடம் வந்தது:

செத்தவன் ஒரு கண்ணைத் திறக்கிறான்.
செத்தவன் எழுந்து கால்சட்டையைத் தட்டுகிறான்.
கொன்றவனிடம் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்கிறான்.
ஒன்பது பள்ளத்தாக்கிலும் எழுந்துகொள்கிறான்.
கடைசித் துண்டில் வாயசைக்கிறான்,
பாட்டா வசவா தெரியவில்லை.

மூவியோலாவின் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்தான்.
மறுபடி ஓட்டச் சொல்லி விரலைச் சுழற்றினான்.
பிறகு பலகையைத் துடைத்து,
நெடுநேரம் யோசித்து, எழுதினான்:
முழங்காலில் தூசி அப்படியே இருக்கிறது.